எலுமிச்சையும் நீல ஜன்னலும் போதுமா? மிரோவும் மயோர்க்காவின் மண் விசிலும்

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் 'மத்தியதரைக்கடல் வாழ்க்கை' ஓவியங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. வெள்ளைச் சுவர், நீல ஜன்னல், தட்டில் நாலு எலுமிச்சை, ஓரத்தில் ஒரு பூனை. கீழே 'நாட்டார் கலையின் தாக்கத்தில்' என்று ஒரு வரி. அழகாகத்தான் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் நாட்டார் கலை எங்கே என்று தேடினால் கிடைப்பதில்லை. சுற்றுலாப் போஸ்டரில் இருந்ததுதான் இங்கேயும் இருக்கிறது. நாட்டார் கலையிடம் ஓர் ஓவியர் எதைக் கற்கலாம் என்று யாராவது கேட்டால் நான் ஸ்பெயின் ஓவியர் ஜுவான் மிரோவைக் காட்டுவேன். அதிலும் குறிப்பாக, அவர் ஸ்டூடியோவில் வைத்திருந்த மண் விசில்களை.

சியுரெல் என்று பெயர். ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், மராச்சி வட்டாரக் குயவர்கள் செய்வது. குதிரை மேல் ஆள், தொப்பிக்காரன், குடம் சுமக்கும் பெண், காளை, கொம்பு வைத்த பேய் என்று உருவங்கள். எல்லாவற்றிலும் ஒரு விசில் ஒட்டியிருக்கும். அந்த விசில்தான் இதில் கஷ்டமான பகுதி. ஊதும் துளையில் நுழைகிற காற்று, எதிரே உள்ள திறப்பின் விளிம்பில் நேராகப் போய் மோத வேண்டும். விளிம்பு மழுங்கியிருந்தால் 'புஸ்' என்று காற்றுதான் வரும், சத்தம் வராது. துளையின் சாய்வு சற்று மாறினாலும் அதே கதி. மண் ஈரமாக இருக்கும்போதே ஊதிப் பார்த்துச் சரி செய்துவிட வேண்டும், சூளைக்குப் போய் வந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

சுட்டு எடுத்த உருவத்தைச் சுண்ணாம்புப் பாலில் முக்கி எடுப்பார்கள். உடம்பு முழுக்க வெள்ளை. அதன் மேல் சிவப்பிலும் பச்சையிலும் சில கோடுகள், சில புள்ளிகள், எப்போதாவது கொஞ்சம் மஞ்சள். அவ்வளவுதான். வார்னிஷ் கிடையாது. கண், மூக்கு எல்லாம் இருந்தும் இல்லாத மாதிரி. கோடுகளை உற்றுப் பாருங்கள்: தொடங்கும் இடத்தில் தடித்து, முடியும் இடத்தில் வறண்டு தேய்ந்திருக்கும். சுண்ணாம்புப் பரப்பு தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும் என்பதால் தூரிகை தயங்கினால் அங்கே திட்டு விழும். அழித்துத் திருத்தவும் வழியில்லை. போதாததற்குச் சந்தையில் சில்லறைக்கு விற்கிற பொருள், ஒன்றுக்கு ஒரு மணி நேரம் செலவழித்தால் கட்டுபடியாகாது. இந்த அவசரத்தில் இருந்துதான் அந்தக் கோட்டின் துணிச்சல் வருகிறது. இதைக் 'குழந்தைத்தனம்' என்று எழுதும் விமர்சகர்கள் ஒரே ஒரு உருவத்துக்காவது கோடு போட்டுப் பார்க்கலாம்.

மிரோவுக்கு இந்தத் தீவு அந்நியமில்லை. அம்மா மயோர்க்காக்காரர், அம்மாவின் அப்பா தீவின் தலைநகரான பால்மாவில் தச்சுவேலை செய்தவர். அப்பாவழித் தாத்தா கொல்லர், அப்பா பார்சலோனாவில் நகை, கடிகார வேலை. 1956இல் மிரோ பால்மாவிலேயே குடியேறி, நண்பரும் கட்டடக் கலைஞருமான ஜோசெப் லூயிஸ் செர்ட் வடிவமைத்த பெரிய ஸ்டூடியோவில் வேலை செய்தார்.

இப்போது அந்த எலுமிச்சை ஓவியங்களோடு சேர்த்து விற்கப்படும் 'மெதுவான வாழ்க்கை'க்கு வருகிறேன். அதற்கு மிரோவின் உதாரணம் பலருக்குப் பிடிக்காது. 1930களில் பார்சலோனாவில் அவருடைய நாள் இப்படி: காலை ஆறு மணிக்கு எழுவது, காபியும் ரொட்டியும், ஏழு முதல் பன்னிரண்டு வரை வேலை. பிறகு குத்துச்சண்டைப் பயிற்சி அல்லது ஓட்டம். எளிய மதிய உணவு, ஒரு காபி, மூன்று சிகரெட். அடுத்து அவரே 'மத்தியதரை யோகா' என்று பெயர் வைத்த குட்டித் தூக்கம், அதுவும் ஐந்தே நிமிடம். மூன்று மணிக்கு மறுபடி ஸ்டூடியோ, இரவு எட்டு வரை. விருந்து, கூட்டம் என்றால் வெறுப்பு. திராட்சைக் கொடிக்குக் கீழே மது கோப்பையோடு சாய்ந்திருக்கும் படம் இதில் எங்கேயும் பொருந்தாது.

மெதுவாக நடந்தது வேறு விஷயம். 'பண்ணை' என்ற ஓவியத்துக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 1921இல் கத்தலோனியாவின் மோன்ட்-ரோய்ச் ஊரில் குடும்பத்துப் பண்ணையில் தொடங்கி, பார்சலோனாவில் தொடர்ந்து, 1922இல் பாரிஸில் முடித்தார். பார்த்து வரைய வேண்டும் என்பதற்காக ஊரிலிருந்து காய்ந்த புல்லைக்கூடப் பாரிஸுக்குக் கொண்டு போனார். படத்தில் சுவரின் விரிசலும், நத்தையும், பூவாளியும் ஒரே அக்கறையோடு வரையப்பட்டிருக்கின்றன. எழுத்தாளர் ஹெமிங்வே வாங்கிய அந்தப் படம் இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

நாற்பது வருடம் கழித்து, 1961இல், 'நீலம்' என்ற மூன்று ஓவியங்கள். ஒவ்வொன்றும் 270க்கு 355 செ.மீ. நீலப் பரப்பு, சில கறுப்புப் புள்ளிகள், ஒரு சிவப்புக் கோடு. தூரிகை ஓடிய நேரத்தைவிட யோசித்த நேரம் பல மடங்கு. மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, போடும்போது சியுரெல் குயவர் போலத் திருத்தமில்லாமல் ஒரே வீச்சு. என் கட்சி இதுதான்: மிரோ நாட்டார் கலையிடம் வாங்கியது கையின் வேகத்தை. மெதுவை அந்த வேகத்துக்கு முன்னால் கொண்டு போய் வைத்தார். இன்றைய எலுமிச்சை ஓவியங்களில் இது தலைகீழாக நடக்கிறது. எதை வரைவது என்பதை பின்டரெஸ்டில் இரண்டு நிமிடத்தில் முடிவு செய்துவிட்டு, கோட்டை மட்டும் மணிக்கணக்கில் நகாசு செய்கிறார்கள். அதனால்தான் படம் செத்துக் கிடக்கிறது.

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. மாதக்கணக்கில் காத்திருக்க மிரோவுக்கு அப்பாவின் பண்ணை இருந்தது. மராச்சிக் குயவருக்கு அந்த வசதி ஏது? உண்மைதான். நிதானத்துக்கும் ஒரு செலவு உண்டு, அதை யாரோ ஒருவர் கட்டுகிறார். அந்த வாழ்க்கையை அழகாக விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

சரி, இந்தச் சுண்ணாம்புக் கோட்டைக் கையில் போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு. மாடியில் பதிக்கும் மெருகில்லாத தட்டோடு ஒன்று போதும். நீற்றிய சுண்ணாம்பு விழுது ஒரு பங்கு, தண்ணீர் மூன்று நான்கு பங்கு, துணியில் வடிகட்டினால் பால் பதம் வரும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் தெறித்தால் ஆபத்து. தட்டோட்டை முதலில் தண்ணீரில் நனைக்க வேண்டும். காய்ந்த ஓடு சுண்ணாம்பின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பூச்சு பிடிக்காமல் மாவாக உதிரும். மெல்லிசாக மூன்று நான்கு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள். அடிக்கும்போது கண்ணாடி மாதிரி தெரியும், வெள்ளை வரவில்லையே என்று பலரும் இங்கேதான் கெட்டியாகக் கலக்கிவிடுகிறார்கள். கெட்டிப் பூச்சு காய்ந்ததும் வெடித்துச் செதிலாக விழும். வெயிலில் வைக்கவே கூடாது. சுண்ணாம்பு இறுகக் காற்றும் வேண்டும், ஈரமும் வேண்டும், அதனால் நிழல்தான் நல்லது.

கடைசிப் பூச்சு விரலில் ஒட்டாமல், ஆனால் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் நேரத்தில் கோடு போட வேண்டும். வண்ணப்பொடியைத் தண்ணீரில் மட்டும் குழைத்தால் போதும், இறுகும் சுண்ணாம்பே அதைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் தப்பினால் கோடு கையோடு வந்துவிடும், பிறகு முட்டை மஞ்சள் கருவில் குழைத்துத்தான் போட வேண்டும். சிவப்புக்குக் காவி, பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு. இரண்டும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். பிரஷ்யன் நீலத்தைத் தொடாதீர்கள், பழுப்பாகிவிடும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் நன்றாக வெளுக்கும், ஆகவே தனியாக ஒரு துண்டில் காயவைத்துப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். பன்னிரண்டு ஓடுகளை ஒரே நாளில் வரிசையாக வைத்துப் போடுவது நல்லது. முதல் சில ஓடுகளில் கை நடுங்கும், கோடு நடுவில் நின்று திட்டாகும். ஆறேழுக்குப் பிறகு என்ன வரைவது என்ற யோசனையே போய், தோளிலிருந்து கை ஓட ஆரம்பிக்கும்.

முடித்ததும் அக்ரிலிக் வார்னிஷ் அடித்துவிடாதீர்கள். வெள்ளை திட்டுத் திட்டாகக் கறுத்து பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடும்.