வண்டி ஓரமாக நிற்கிறதா?

எங்கள் வீட்டில் அப்பாவுக்கோ தம்பிக்கோ போன் செய்தால் "சாப்பிட்டாயா" என்று ஆரம்பிப்பதில்லை. "வண்டி ஓரமாக நிற்கிறதா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்று பதில் வந்தால் அந்த நொடியே அழைப்பைத் துண்டித்துவிடுவோம். பாட்டி இறந்த செய்தியைக்கூட அப்பாவுக்கு இப்படித்தான், அவர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்ப அழைத்த பிறகுதான் சொன்னோம். அப்பா 29 ஆண்டுகள் லாரி ஓட்டினார். இப்போது தம்பி ஓட்டுகிறான். நாமக்கல் பக்கத்தில் எங்களைப் போன்ற குடும்பங்கள் இல்லாத தெருவே இல்லை.

நெடுஞ்சாலைப் பலகைகள் எல்லாம் ஓட்டுநரைப் பார்த்தே பேசுகின்றன. மெதுவாகப் போ, தூங்கிவிடாதே, வீட்டில் உனக்காகக் காத்திருக்கிறார்கள் என்கின்றன. அப்படிக் காத்திருப்பவள் நான். அந்தப் பலகையில் பாதியை எழுதாமலே விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். சரக்கை அனுப்புகிறவர், வாங்குகிறவர், வண்டிக்குச் சொந்தக்காரர், புக்கிங் ஆபீஸ்காரர் என்று ஆளாளுக்கு ஓட்டுநரின் நேரத்தைக் கரைக்கிறார்கள். கரைந்த நேரம் முழுவதையும் கடைசியில் அவர் தன் தூக்கத்திலிருந்து எடுத்து ஈடுகட்டுகிறார்.

ஒரு டிரிப்பைச் சொல்கிறேன். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றி நாசிக் போவது, அங்கிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு திரும்புவது. ஓசூர், பெங்களூரு, தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சதாரா, புனே என்று போகும் பாதை. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 1,250 கிலோமீட்டர். லோடு வண்டிக்குச் சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்தாலும் ஸ்டியரிங் பிடிக்கும் நேரம் மட்டுமே 31 மணி நேரம். ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அந்தக் கணக்கில் இது நான்கு நாள் பயணம். ஆனால் 5 பேராவது வேலை செய்த நிறுவனங்களுக்குத்தான் அந்தச் சட்டம் இருந்தது. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவரிடம் ஓட்டும் ஆளுக்கு அது எட்டவே இல்லை.

நாசிக்கில் ஜவ்வரிசி இறக்கும் இடத்தில் என்ன நடக்கும் தெரியுமா? நவராத்திரி நெருங்கும் நாள்களில் அங்கே விரதத்துக்கு ஜவ்வரிசியில் சாபுதானா கிச்சடி செய்வார்கள். கிடங்கு வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கும். இரண்டு நாள் நிற்க வைப்பார்கள். காத்திருந்த நாளுக்குக் கூலி கேட்டால் சிரிப்பார்கள். அந்த இரண்டு நாளிலும் தூங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வரிசை நகர நகர வண்டியை நகர்த்த வேண்டும், பேட்டரியையும் டீசலையும் தார்ப்பாயையும் திருடர்களிடமிருந்து காக்க வேண்டும். கழிப்பறை எங்கே என்று கேட்டால் கையை ஏதோ ஒரு பொட்டலை நோக்கிக் காட்டுவார்கள். பிறகு வெங்காயம் ஏற்றியதும் எல்லோருக்கும் ஒரே அவசரம். அழுகும் பண்டம், மூன்றாம் நாள் விடியலில் மண்டியில் இருக்க வேண்டும், தாமதமானால் வாடகையில் பிடித்தம் என்பார்கள். 31 மணி நேர ஓட்டத்தை இரண்டு இரவுகளுக்குள் அடக்க வேண்டும். ஒரே ஓட்டுநர்.

அப்பா சொன்ன ஒரு விஷயம் எனக்கு மறப்பதே இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள். அவருக்கும் மகிழ்ச்சிதான். மணிக்கணக்கில் காகிதத்தோடு நிற்பதும் கை நீட்டியவர்களுக்கெல்லாம் கொடுப்பதும் குறைந்தன. ஆனால் சில மாதம் கழித்து, "அந்த வரிசையில்தான் கண்ணு நான் தூங்கிக்கொண்டிருந்தேன்" என்றார். சாலை அகலமானது, சாவடி போனது, பிறகு பாஸ்டேக் வந்து சுங்க வரிசையும் சுருங்கியது. மிச்சமான ஒவ்வொரு மணி நேரத்தையும் சரக்குக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஓட்டுநருக்கு அதில் அரை மணி நேரம்கூடத் தரவில்லை.

2018இல் ஒரு விடியற்காலை நாலரை மணிக்கு, சித்ரதுர்காவுக்கு இந்தப் பக்கம், பழுதாகி நின்றிருந்த லாரியின் பின்னால் அப்பாவின் வண்டி மோதியது. அந்த லாரிக்குப் பின்விளக்கு இல்லை, ஒளிரும் பட்டை இல்லை. பின்னால் பத்தடி தூரத்தில் ஒரு மரக்கிளையைப் போட்டு வைத்திருந்தார்களாம். எங்கள் வண்டியின் கேபினில் இடது பக்க இருக்கை இருந்த இடமே தெரியவில்லை. கிளீனர் வைத்துக்கொள்ளும் வழக்கம் அதற்குள் நின்றுபோயிருந்ததால் அதில் யாரும் இல்லை. யாராவது இருந்திருந்தால் அப்பாவிடம் பேச்சுக் கொடுத்து விழிக்க வைத்திருக்கலாம். அல்லது அந்த ஆளும் செத்திருக்கலாம். இந்த இரண்டையும் நான் பல இரவுகள் மாற்றி மாற்றி நினைத்திருக்கிறேன். அப்பாவுக்கு வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. அதோடு ஓட்டுவதை விட்டார்.

மருத்துவமனைப் படுக்கையில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, "நான் தூங்கவில்லை கண்ணு, கண்ணைத்தான் மூடினேன்." பொய் சொல்லவில்லை. உடல் தாங்க முடியாத களைப்பில் மூளை சில நொடிகள் தானாக அணைந்துகொள்கிறது. தூங்கினோம் என்பதே நமக்குத் தெரியாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மூன்று நொடியில் 50 மீட்டர் போய்விடும். அந்த 50 மீட்டருக்கும் வண்டியை ஓட்டியது யாருமில்லை. பின்னிரவு இரண்டு மணியிலிருந்து விடியும் வரைக்கும், பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரைக்கும் உடலே தூக்கத்தைக் கேட்கும். டீயும் பாக்கும் புகையிலையும் முகத்தில் அடித்துக்கொள்ளும் தண்ணீரும் அந்த நேரத்தில் சில நிமிடங்களுக்குத்தான் உதவும். 1997இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றத்தை 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் தடுமாற்றத்தோடு ஒப்பிட்டுக் காட்டியது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பே 30 மில்லிகிராம்தான். குடித்தவனைப் பிடிக்க ஊதச் சொல்லும் கருவி இருக்கிறது. இரண்டு இரவாகத் தூங்காதவரை நிறுத்தி, "போய்ப் படு அண்ணே" என்று சொல்ல யாரும் இல்லை.

நாசிக்கிலிருந்து வரும் வண்டி எல்லா மேடுபள்ளமும் கடந்து, தர்மபுரியும் தாண்டி, கடைசியில் தொப்பூர் கணவாயில் இறங்க வேண்டும். வீட்டுக்கு இரண்டு மணி நேரம்தான் பாக்கி. களைப்பு உச்சத்தில் இருக்கும், மனம் ஏற்கெனவே வீட்டு வாசலில் இருக்கும், சாலை சரிந்து வளைந்து போகும். இங்கேதான் சிலர் நியூட்ரலில் விடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் டீசல். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொந்தக்காரர் கணக்கு வைப்பார். மிச்சம் பிடித்தால் அது ஓட்டுநருக்கு, குறைந்தால் அவர் கையிலிருந்து போகும். நியூட்ரலில் இன்ஜினின் பிடி விட்டுப்போகும், மொத்தப் பாரமும் பிரேக் டிரம்மில் விழும், டிரம் சூடேறச் சூடேறப் பிரேக் பிடிக்காமல் போகும். மறுநாள் செய்தித்தாளில் "பிரேக் செயலிழந்தது" என்று ஒரு வரி வரும். அந்தப் பிரேக்கைச் செயலிழக்கச் செய்த கணக்கு நோட்டு யார் மேசையில் இருக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை.

ஓட்டும் அண்ணன்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து வரும், பி.எஸ். 6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டிகளில், கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு டீசல் போவதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் டீசல் எரிந்துகொண்டே இருக்கும். அதாவது அந்த மிச்சமும் பொய். மேட்டை எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று அப்பா தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இன்னும் சில அவன் அப்பாவிடம் கற்றவை. தூக்கம் வந்தால் நிறுத்திவிட வேண்டும், அடுத்த பங்க் வரை பார்க்கலாம் என்று இழுக்கக் கூடாது. இருபது நிமிடம் கண்ணயர்ந்தாலும் லாபம். எழுந்ததும் சாவியைத் தொடக் கூடாது. இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றி ஒவ்வொரு டயரையும் கம்பியால் தட்டிக் காற்றுப் பார்க்க வேண்டும், தார்ப்பாய்க் கயிறு பார்க்க வேண்டும், பின்விளக்குப் பார்க்க வேண்டும். இருபது நிமிடம் இதில் போனால் தூக்கக் கலக்கமும் போய்விடும். பழுதாகி நின்றால் முக்கோண எச்சரிக்கைப் பலகையைப் பின்னால் நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும், கிளம்பும்போது சக்கரத்துக்கு வைத்த கல்லைச் சாலையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. கடைசியாகச் சொன்னதை அவன் ஒரு நாளும் மறந்ததில்லை. அப்பாவின் கால் அவன் கண்முன்னே நடமாடுகிறது.

இவை எல்லாம் ஓட்டுநர் கையில் இருப்பவை. அவர்களின் உடம்பைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். அப்பாவுக்கு வலது கை இடது கையைவிட இரண்டு மடங்கு கறுத்திருக்கும், அந்தப் பக்க ஜன்னல் வெயில். நிறுத்த இடமில்லாததால் சிறுநீரை அடக்குவார், அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார், கடைசியில் சிறுநீரகக் கல். ஆந்திர எல்லையிலோ மகாராஷ்டிரத்திலோ வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்து அவர் வைக்கும் ரசத்தின் மணத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். வண்டிப் பெட்டியில் அரிசியும் புளியும் இருக்கும்வரை ஊர் கூடவே வருகிறது என்பார். அவர் விரும்பிச் செய்த தொழில் இது. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது.

2025இலிருந்து புதிதாகத் தயாரிக்கும் பெரிய லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏசி கட்டாயம் ஆகியிருக்கிறது. மனதார வரவேற்கிறேன். ஆனால் இன்ஜினை அணைத்தால் ஏசியும் அணைந்துவிடும். ஓட்டும்போது கிடைக்கும் குளிர்ச்சி படுக்கும்போது கிடைக்காது.

வண்டி வைத்திருப்பவர்களே, மண்டிக்காரர்களே, தொழிற்சாலைக்காரர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். லோடு ஒப்புக்கொள்ளும்போதே ஓட்டுநர் தூங்க வேண்டிய நேரத்தையும் சேர்த்து நாள் குறியுங்கள். சரக்கை இறக்காமல் காக்க வைத்தால் அந்த மணிகளுக்குக் கூலி கொடுங்கள். கொடுத்துப் பாருங்கள், இரண்டு நாள் வேலை நான்கு மணி நேரத்தில் முடியும். உங்கள் வளாகத்துக்குள் ஒரு கழிப்பறையும் ஒரு நிழலும் படுக்க இடமும் கொடுங்கள். தூரப் பயணத்துக்கு இரண்டாவது ஓட்டுநரைப் போடுங்கள். டீசல் கணக்கை வைத்து அவர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். வாடகை கட்டுப்படியாகவில்லை என்று வண்டிக்காரர்கள் சொல்வது எனக்குத் தெரியும், டீசலும் சுங்கமும் இன்சூரன்சும் எங்கள் குடும்பத்தையும் அழுத்தியிருக்கின்றன. அந்தச் சண்டையை வாடகை கொடுப்பவரிடம் போடுங்கள். ஓட்டுநரின் கண்ணிலிருந்து எடுத்து அதை நிரப்ப முடியாது.

போன வாரம் நள்ளிரவு ஒரு மணிக்குத் தம்பி அழைத்தான். "வண்டி நிற்கிறதா?" என்றேன். "நிற்கிறது அக்கா, கிருஷ்ணகிரி தாண்டி பங்க்கில் போட்டுவிட்டேன். மூன்று மணிக்கு எழுப்பிவிடு, விடிவதற்குள் சேலம் மண்டிக்குப் போக வேண்டும்" என்றான். குரல் குழறியது. தொப்பூர் அவனுக்கு முன்னால் இருந்தது.

மூன்று மணிக்கு நான் மண்டிக்காரருக்கு அழைத்தேன். வெங்காயம் எட்டு மணிக்குத்தான் வரும் என்றேன். யார் நீ என்று கேட்டார், ஓட்டுநரின் அக்கா என்றேன். கத்தினார். கத்தி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். தம்பியை ஐந்து மணிக்கு எழுப்பினேன்.