பசித்தவர்கள் பெண்கள் என்றால் மட்டும் ஏன் நம்ப முடியவில்லை?

விமான விபத்தில் காட்டில் சிக்கிய பள்ளிப் பெண்கள் பசியில் மனித உடலை உண்ணும் நிலைக்குப் போகிற கதை ‘எல்லோஜாக்கெட்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடர். ஞாயிறு இரவு அதைப் பற்றிய ஒரு முகநூல் பதிவின் கீழ் நடந்த வாக்குவாதத்தை நண்பர்கள் பலரும் படித்திருப்பீர்கள். முழுவதையும் இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. மனத்தைவிட்டு அகலாத ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: “பெண் பிள்ளைகள் இப்படியெல்லாம் நடந்துகொள்ள மாட்டார்கள், நம்பும்படியாக இல்லை.” அதை விரும்பியவர்களின் வரிசையில் எனக்கு மிகவும் நெருக்கமானவர்களின் பெயர்களும் இருந்தன.

இந்த வாக்கியம் தொடரைவிடப் பழையது. தனித்தீவில் சிக்கிய சிறுவர்கள் வன்முறையில் இறங்குவதைச் சொல்லும் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ நாவலைச் சிறுமிகளை வைத்துப் படமாக்கப் போவதாக 2017இல் செய்தி வந்தபோது, பெண் பிள்ளைகள் ஒருபோதும் அந்த நிலைக்கு இறங்க மாட்டார்கள் என்று இணையத்தில் பலர் எழுதினார்கள். அதைப் படித்த ஆஷ்லி லைல், தம் கணவர் பார்ட் நிக்கர்சனுடன் சேர்ந்து உருவாக்கிய தொடர்தான் 2021 நவம்பரில் ஒளிபரப்பைத் தொடங்கியது. எந்த நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்த அது எழுதப்பட்டதோ, அதே நம்பிக்கையைச் சொல்லியே அதை நிராகரிக்கிறோம்.

1996இல் நியூ ஜெர்சியிலிருந்து சியாட்டிலுக்குத் தேசியப் போட்டியில் ஆடப் புறப்பட்ட பள்ளிக் கால்பந்து அணியின் விமானம் காட்டில் விழுகிறது. முதல் சீசன் முழுவதும் அவர்கள் வேட்டையாடுகிறார்கள், பங்கிடுகிறார்கள், சண்டையிடுகிறார்கள், மெல்ல மெலிகிறார்கள். அணியில் ஒருத்தியான ஷானாவோடு சண்டையிட்டுக் குடிலுக்கு வெளியே படுத்த அவள் தோழி ஜாக்கி பனியில் உறைந்து இறக்கிறாள். நிலம் இறுகிக் கிடப்பதால் அவளைப் புதைக்க வழியில்லை. பல வாரங்களுக்குப் பிறகு எரியூட்டுகிறார்கள். மரத்திலிருந்து சரிந்த பனி தீயைத் தணித்துவிட, எரிய வேண்டிய உடல் வெந்துபோகிறது. அந்த வாசனையில் இரவில் எல்லோரும் விழித்துக்கொள்கிறார்கள். இவ்வளவு தூரம் பொறுமையாக அழைத்துவந்த கதையைப் பார்த்துவிட்டு, ‘பெண்கள் செய்ய மாட்டார்கள்’ என்று ஒருவர் எப்படிச் சொல்கிறார் என்பது எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. வயிறு ஆணா பெண்ணா என்று பார்த்துப் பசிப்பதில்லை.

1972 அக்டோபர் 13 அன்று உருகுவே ரக்பி அணியினர் சென்ற விமானம் ஆண்டீஸ் மலையில் விழுந்தது. விமானத்தில் இருந்த 45 பேரில் 16 பேர் 72 நாள்களுக்குப் பிறகு மீண்டார்கள். இறந்த தோழர்களின் உடல்களை உண்டே அவர்கள் உயிர் பிழைத்தார்கள். அந்தக் கதையை நாம் கண்ணீரோடு படிக்கிறோம், மனித மனத்தின் உறுதி என்று பாராட்டுகிறோம். நானும் பாராட்டுகிறேன். அந்த இளைஞர்களுக்குக் கொடுத்த இரக்கத்தில் ஒரு துளியைக்கூட ஷானாவுக்கும் அதே அணியின் நடாலிக்கும் கொடுக்க நம் மனம் வராததுதான் என்னை வருத்துகிறது.

“அவர்கள் இறந்தவர்களை உண்டார்கள், இந்தப் பெண்களோ உயிரோடு இருப்பவளைத் துரத்துகிறார்கள்” என்று உடனே பதில் வரும். சரியான கேள்விதான், ஒதுக்கிவிடவில்லை. உண்பதற்காக நடாலியைத் துரத்தும் காட்சியில், பயிற்சியாளரின் மகனான சிறுவன் ஜாவி பனிக்கட்டி உடைந்து ஏரியில் மூழ்குகிறான். யாரும் அவனைத் தள்ளவில்லை, யாரும் காப்பாற்றவும் இல்லை. அதைச் சரியென்று தொடர் எங்கும் சொல்லவில்லை. உயிர் பிழைத்தவர்கள் நடுவயதிலும் அந்தக் குற்றத்தைச் சுமந்து சிதைவதுதான் கதையின் மறுபாதி. மூன்றாம் சீசன் தொய்வடைந்துவிட்டது என்பவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை, அது வேறு பேச்சு.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தேன். தரைத்தளம் மூழ்கி, மின்சாரம் போய், சமையலறை மூடப்பட்டது. முதலில் எல்லோரும் ரொட்டியும் பிஸ்கட்டும் பகிர்ந்துகொண்டோம், பாட்டுக்கூடப் பாடினோம். பிறகு அறைக்கதவுகள் ஒவ்வொன்றாகத் தாழிடப்பட்டன. எங்கள் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்த அக்கா, கடைசித் தண்ணீர் கேனை இழுத்துத் தன் அறைக்குள் வைத்துக்கொண்டு, வெளியே அழுதவளுக்குப் பதில் சொல்லாமல் இருந்தார். வெகு விரைவில் படகு வந்தது. காட்டோடு ஒப்பிட அது ஒன்றுமேயில்லை. ஆனாலும் அன்று நான் கண்டவர்கள் பெண்கள். அந்த அக்காவை நான் இன்றுவரை வெறுக்கவில்லை, அவர் அன்பும் பொய்யில்லை.

“ஒரு தொடருக்காக இவ்வளவு கொதிக்க வேண்டுமா?” என்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். நடுவயது ஷானாவாக நடித்த மெலனி லின்ஸ்கியின் நடிப்பைப் பேசுவதை விட்டுவிட்டு, அவர் உடல் பருமனைப் பேசினார்கள் பார்வையாளர்கள். உடல்நலத்தில் அக்கறை என்ற பெயரில் வரும் அந்தப் பேச்சுகளே மிக மோசமானவை என்று 2022இல் அவரே வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது. அதே ஆண்டு அந்த வேடத்துக்காக அவர் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். பெண் பசித்து உண்டாலும் குற்றம், பசியாறிய உடலோடு திரையில் நின்றாலும் குற்றம் என்றால், நாம் எதைத்தான் பார்க்க விரும்புகிறோம்? பட்டினியிலும் தலை கலையாமல், தன் பங்கை அடுத்தவளுக்குக் கொடுத்துவிட்டுப் புன்னகையோடு சாகிற ஒருத்தியையா? நம் வீடுகளில் எல்லோரும் உண்ட பிறகு மிச்சத்தை உண்ட அம்மாக்களைத் தியாகிகள் என்று சொல்லிச் சொல்லியே, அவர்களுக்கும் பசித்திருக்கும் என்பதை மறந்தவர்கள் நாம்.

இதைத்தான் அன்று இரண்டு வரிகளில் எழுதினேன். “இதை ரசிக்கும் பெண்ணை வீட்டில் வைத்திருப்பவர்கள் பாவம்” என்று எனக்குப் பதில் வந்தது. அதற்கும் நண்பர்கள் சிரிப்புக் குறி இட்டிருந்தீர்கள். கதையில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லுங்கள், நடிப்பு பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், விடிய விடிய உட்கார்ந்து பேசுவேன். அந்தச் சிரிப்புக் குறிகளை மட்டும் எடுத்துவிடுங்கள்.