மூடிய கதவெல்லாம் ஊழியர் கதவல்ல
உல்லாசக் கப்பலின் முன்பக்கக் காட்சி வேண்டுமென்றால் விலை கூடிய அறைதான் எடுக்க வேண்டும் என்கிறது நான் வாசித்த ஒரு பயணக் கட்டுரை. எல்லாக் கப்பலுக்கும் அது சரிவராது. சிங்கப்பூரில் நாங்கள் ஏறியது யன்னல்கூட இல்லாத உள்ளறையில். நடைபாதையின் முன் அந்தத்தில் ஒரு கனத்த இரும்புக் கதவு. 'ஊழியர் மட்டும்' என்று எழுதியிருக்கவில்லை. மனுசி தோளால் தள்ள, வெளியே திறந்த தளம், இரண்டே பேர். கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழையும்போது அலைதடுப்புச் சுவரையும் தாமரைக் கோபுரத்தையும் அங்கே நின்றுதான் பார்த்தோம். மேல்தளத்தில் சனம் முண்டியடித்துக்கொண்டு நின்றது. காற்றுப் பலமாக அடித்தால் அந்தக் கதவைப் பூட்டிவிடுவார்கள், அது வேறு கதை. இரவில் இப்படியான தளத்துக்குப் போனால் டோர்ச் வேண்டாமா என்று அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: அடிக்கவே வேண்டாம், கப்பல் ஓட்டுபவர்களின் பார்வை கெடும், அங்கே விளக்கு அணைத்திருப்பதே அதற்காகத்தான். பதிவு செய்ய முதல், தள வரைபடத்தில் முன் அறைகளுக்கு அப்பால் வெற்றிடம் தெரிகிறதா என்று பாருங்கள்.