அது யாரில் 90 சதவீதம்?
‘இந்தக் கல்லூரியில் சேர்ந்தால் 90 சதவீதம் பேருக்கு மெடிக்கல் ஸ்கூலில் இடம் உறுதி’ என்று ஓர் அமெரிக்கக் கல்லூரியைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கணக்கில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். அமெரிக்காவில் பொதுவாகப் பட்டப்படிப்பை முடித்த பிறகுதான் மெடிக்கல் ஸ்கூல்; அதற்குத் தயாராகும் கல்லூரி மாணவர்களை ‘ப்ரீ-மெட்’ என்பார்கள். பல கல்லூரிகளில் ப்ரீ-மெட் குழு ஒன்று அவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் தரும். சில இடங்களில் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) குறைந்தவர்களுக்கு அந்தக் கடிதமே கிடைக்காது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ‘சி’ கிரேடு வாங்கி, ‘வேற ஏதாவது பாரேன்’ என்று திருப்பிவிடப்பட்ட பிள்ளை விண்ணப்பிக்கவே மாட்டான், சதவீதத்திலும் வரமாட்டான். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, முதலாண்டில் எத்தனை பேர் ப்ரீ-மெட்டாகத் தொடங்கினார்கள், கடிதம் எல்லோருக்கும் உண்டா என்று நேராகவே கேளுங்கள். அப்புறம், பயாலஜிதான் மேஜராக (முதன்மைப் பாடமாக) இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கேட்கிற அறிவியல் பாடங்களை முடித்து எம்கேட் என்ற மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வை எழுதினால், வரலாறு படித்தவரும் விண்ணப்பிக்கலாம்.