கூட நின்றவர்களால் விட்டேன்

புகைப்பழக்கத்தைக் கைவிட மன உறுதி ஒன்றே போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். என்னால் ஏற்க முடியவில்லை. 17 வருடம் பிடித்தவன் நான். மூன்று முறை யாரிடமும் சொல்லாமல் விட்டுப் பார்த்தேன், ஒரு வாரம்கூடத் தாண்டவில்லை. நான்காவது முறை மனைவியிடமும் நெருங்கிய நண்பனிடமும் தேதியைச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

முதல் 3 நாள்தான் கொடுமை. புகையிலையில் இருக்கும் நிகோடின் உடம்பில் குறையும் நேரம். தூக்கம் வராது, சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும். இது மனைவிக்கு முன்பே தெரிந்திருந்ததால், நான் எரிந்து விழுந்தபோது பதிலுக்குச் சண்டை போடவில்லை. பிடிக்கணும்போல் இருந்தால் உடனே நண்பனுக்கு போன். எதையாவது பேசிக்கொண்டிருப்பான். அந்த வேகம் சில நிமிடங்களில் தணிந்துவிடும், அதுவரை கூட ஒரு ஆள் வேண்டும். (மருத்துவர் எழுதித் தந்த நிகோடின் சூயிங்கமும் உதவியது.)

இரண்டாவது மாதம் ஒரு துக்க வீட்டில் ஒன்று பிடித்துவிட்டேன். "ஒன்றோடு நிறுத்திட்டீங்களே, நாளைக்கு வேண்டாம்" என்றாள் மனைவி. அன்று திட்டியிருந்தால் மறுநாளே பாக்கெட் வாங்கியிருப்பேன்.

இப்போது ஒரு வருடம் ஆகிறது. இதய நோய் அபாயம், புகைப்பவருக்கு இருப்பதில் ஏறத்தாழ பாதியாகிவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் காலம் இது. உங்கள் வீட்டில் யாராவது விட முயன்றால், தயவுசெய்து சட்டையை முகர்ந்து பார்த்து விசாரிக்காதீர்கள்.