பணம் கட்டினால் ஸ்பாட்டிஃபை பட்டியலில் இடம் கிடைக்குமா?

‘இணையவழி இசைச் சேவையான ஸ்பாட்டிஃபை தொகுக்கும் பிளேலிஸ்ட்டுகளில் (பாடல் பட்டியல்களில்) பணம் கட்டியவர்களின் பாடல்களே சேர்க்கப்படுகின்றன, வசதியில்லாத புதியவர்களுக்கு அங்கே வழியே இல்லை’ என்ற செய்தி இளம் இசைக்கலைஞர்களிடையே பரவி வருகிறது. இது உண்மையல்ல.

அந்நிறுவனத்தின் ஆசிரியர் குழு தொகுக்கும் பட்டியல்களில் இடம் விற்கப்படுவதில்லை. இன்னும் வெளியாகாத பாடலொன்றை, அதன் வகை, மனநிலை, மொழி, இசைக்கருவிகள் ஆகிய விவரங்களுடன் கலைஞர்களுக்கான ‘ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ தளத்தின் வழியாகக் கட்டணமின்றிப் பரிசீலனைக்கு அனுப்பலாம். தேர்வாகும் என்ற உறுதி கிடையாது. எனினும், வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன்பே அனுப்பிவிட்டால், கலைஞரைப் பின்தொடர்வோருக்கு வெள்ளிதோறும் வரும் ‘ரிலீஸ் ரேடார்’ பட்டியலில் அப்பாடல் சேர்ந்துவிடும். பின்தொடர்வோர் நூறு பேரே ஆனாலும், புதியவருக்கு இது சிறிய வாய்ப்பன்று. 2015இல் தொடங்கிய ‘டிஸ்கவர் வீக்லி’ பட்டியலோ, ஒத்த ரசனையுள்ளவர்கள் எவற்றைக் கேட்கிறார்கள் என்பதைக் கொண்டு திங்கள்தோறும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உருவாகிறது.

குழப்பத்துக்கு ஒரு காரணம் ‘டிஸ்கவரி மோட்’ திட்டமாக இருக்கலாம். ராயல்டியில் (பாடல் கேட்கப்படுவதற்குக் கிடைக்கும் தொகையில்) ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால், ஒத்த பாடல்களைத் தானாகவே ஒலிக்கச் செய்யும் ‘ரேடியோ’, ‘ஆட்டோபிளே’ போன்ற பகுதிகளில் பாடலுக்குக் கூடுதல் வாய்ப்புத் தரும் ஏற்பாடு அது. விமர்சனத்துக்கு உரியதுதான், ஆனால் அதில் முன்பணம் இல்லை, ஆசிரியர் குழுவின் பட்டியல்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

‘இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம் (பாடல் கேட்கப்படும் எண்ணிக்கை) உறுதி’ என்று பணம் கேட்பவர்களிடம் தயவுசெய்து ஏமாறாதீர்கள். போலி ஸ்ட்ரீம்கள் கண்டறியப்பட்டால் எண்ணிக்கை நீக்கப்படும், பாடலே அகற்றப்படலாம்; 2024 முதல், பாடலை ஸ்பாட்டிஃபைக்குக் கொண்டுசேர்க்கும் விநியோக நிறுவனத்துக்கு அபராதமும் விதிக்கப்படுகிறது.