பதினோரு நொடி

போதும். இதோடு பதினேழு பேர் அந்தக் காணொளியை எனக்கு அனுப்பிவிட்டீர்கள். சிரிக்கும் பொம்மை வேறு போட்டிருக்கிறீர்கள். பார்த்தேன், இரண்டு முறை பார்த்தேன். பேசியவர் யார், எந்தக் கல்லூரி என்பது உங்களுக்கே தெரியும், நான் பெயர் எழுதப் போவதில்லை. "பட்ஜெட் பிரிவில் ஒரு மாதம் செய்யும் வேலையை என் போனில் இருக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலி பதினோரு நொடியில் செய்துவிட்டது, அந்தப் பக்கம் போகாதீர்கள்" என்று அவர் சொல்கிறார். பிள்ளைகள் கை தட்டுகிறார்கள்.

ஓர் அரசு இயக்குநரகத்தின் பட்ஜெட் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து எழுந்தவள் நான். எனக்குக் கோபம் வரும் என்று தெரிந்துதானே அனுப்பினீர்கள்? வந்துவிட்டது. படியுங்கள்.

அந்தப் பதினோரு நொடியில் போன் என்ன செய்தது? கூட்டியது, கழித்தது, சென்ற ஆண்டோடு ஒப்பிட்டது, நான்கு பத்தி எழுதியது. நல்லது. அதற்கு நான் எதிரி இல்லை. கூட்டல் எந்தக் காலத்திலும் எங்கள் வேலையாக இருந்ததில்லை. ஒரு துறை கேட்கும் தொகையைப் பார்த்து, இது ஏன் இவ்வளவு, யார் கேட்டது, சென்ற ஆண்டு கொடுத்தது எங்கே போனது என்று விசாரிப்பதுதான் வேலை. புத்தகத்தில் அச்சாகியிருப்பது அந்த விசாரணையின் முடிவு மட்டும்.

ஒன்று சொல்கிறேன். தெற்கே ஒரு கடலோர மாவட்டம். மாணவர் விடுதிகளின் குடிநீர்ச் செலவுக்கு ஆண்டுதோறும் ஒதுக்குகிறோம். மூன்று ஆண்டாக அதில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. மார்ச் மாதம் வந்தால் மீதியைச் சரண்டர் செய்துவிடுகிறார்கள், அதாவது வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பட்ஜெட் அட்டவணையில் இப்படி ஒரு வரியைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும், அடித்துவிடு என்று. எனக்கும் பரபரத்தது. எதற்கும் கேட்போம் என்று அந்த மாவட்ட அலுவலக எழுத்தருக்குப் போன் செய்தேன். முதலில் "சரியாக இருக்கிறது அம்மா, குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். போனை வைக்கப் போகும்போது, "அம்மா, ஒன்று சொல்கிறேன், எழுத்தில் கேட்காதீர்கள்" என்று ஆரம்பித்தார். கிணற்றுத் தண்ணீர் உப்பு. பிள்ளைகள் குடிப்பது லாரித் தண்ணீர். லாரிக்காரர் ரசீது தருவதில்லை, ரசீது இல்லாமல் கருவூலத்தில் பில் போகாது. அதனால் விடுதிக் காப்பாளர் கைக்காசைப் போட்டு வாங்குகிறார். செலவு நடக்கிறது, கணக்கில் மட்டும் இல்லை. நான் அந்த வரியை அடித்திருந்தால் அடுத்த ஆண்டு அந்தக் காப்பாளருக்குப் பணம் கேட்கவே இடம் இருந்திருக்காது. மாவட்டத்திலிருந்து முறையாக ஒரு கடிதம் வரவழைத்து, ஒப்பந்தம் போட்டு லாரி அமர்த்த வழி செய்து, அந்தத் தொகையைக் காப்பாற்றினோம்.

போன வாரம் இதே மாதிரி ஓர் அட்டவணையை, ஊர் பெயர் இல்லாமல், அந்த அற்புத இயந்திரத்திடம் கொடுத்தேன். அறுபது விழுக்காடு குறைக்கலாம், நிதி ஒழுக்கம் மேம்படும் என்று அழகான தமிழில் எழுதியது. பிறகு லாரி விஷயத்தைச் சொன்னேன். "நீங்கள் சொல்வது மிகவும் சரி" என்று ஆரம்பித்து, உயர்த்த வேண்டும் என்று அதே அழகான தமிழில் எழுதியது. கேட்கிறவருக்குத் தகுந்தபடி பேசும் ஆட்களை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் பட்ஜெட் பிரிவில் போட்டதில்லை, வரவேற்பறையில் போட்டார்கள்.

உடனே ஒருவர் வருவார், "ஆக்ஸ்ஃபோர்டே சொல்லிவிட்டது" என்று. தெரியும். 2013இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஃப்ரே, ஆஸ்போர்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 702 தொழில்களை வரிசைப்படுத்தினார்கள். பட்ஜெட் ஆய்வாளர் என்ற எங்கள் தொழில் இயந்திரத்திடம் போக நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் வாய்ப்பு என்றார்கள். கணக்காளர், தணிக்கையாளர்களுக்கும் அப்படித்தான். தொழில்நுட்பத்தால் முடியுமா என்பதைத்தான் அவர்கள் கணித்தார்கள், வேலை போய்விட்டது என்று எங்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள் ஆயின? உங்கள் ஆடிட்டர் வீட்டில் சும்மா இருக்கிறாரா? போன மாதம் உங்களிடம் கட்டணம் வாங்கவில்லையா?

"மனிதரும் தப்பு செய்வார்கள் அம்மா" என்று இன்னொருவர். செய்வோம். நான் செய்திருக்கிறேன். ஒவ்வொரு செலவுக்கும் கணக்குத் தலைப்பு என்று ஓர் எண் உண்டு. அது 2 அல்லது 3இல் தொடங்கினால் வருவாய்ச் செலவு, அதாவது அன்றாடச் செலவு. 4 அல்லது 5இல் தொடங்கினால் மூலதனச் செலவு, அதாவது நிலைத்து நிற்கும் சொத்துக்கான செலவு. சேர்ந்த புதிதில், கட்டடம் கட்டும் தொகையை 2இல் தொடங்கும் தலைப்பில் எழுதிவிட்டேன். ஓர் இலக்கம்தான். இரவு ஒன்பது மணிக்கு எங்கள் கண்காணிப்பாளர் கண்டுபிடித்தார். அப்போதெல்லாம் அச்சுக்குப் போகும் முன் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் அடிக்கோலை வரிக்கு வரி நகர்த்தி டிக் போட வேண்டும். நான் வாசித்தேன், அவர் கோலை நிறுத்திவிட்டார். திட்டவில்லை. "கட்டடம் அடுத்த வருஷமும் அங்கேயே நிற்குமா, நிற்காதா? யோசித்து இன்னொரு தடவை வாசியம்மா" என்றார். கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து வாசித்தேன். அந்த எண்கள் இன்றுவரை மறக்கவில்லை. இயந்திரம் தப்பு செய்தால் யாருக்கு அழுகை வரும்?

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். 2025இல் டெலாய்ட் நிறுவனம் அந்த நாட்டு அரசுக்கு ஏறத்தாழ 4,40,000 ஆஸ்திரேலிய டாலர் கட்டணத்தில், செயற்கை நுண்ணறிவின் உதவியோடு எழுதிக் கொடுத்த அறிக்கையில், இல்லாத ஆய்வுகளும், நீதிபதி சொல்லாத மேற்கோளும் இருந்தன. கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார்கள். கண்டுபிடித்தவர் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர். தனக்குத் தெரிந்த பேராசிரியர் எழுதாத ஒரு புத்தகம் அவர் பெயரில் இருந்ததைப் பார்த்ததும் சந்தேகப்பட்டார். ஆளைத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். நம் ஒன்றிய நிதி அமைச்சகமே 2025 ஜனவரியில், அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்கும்படி ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ரகசியம் காக்க என்பது காரணம். காணொளிக்காரருக்கு இதையும் யாராவது அனுப்புங்கள், பதினோரு நொடியில் படித்துவிடுவார்.

கணினி வந்தபோதும் இப்படித்தான் கத்தினீர்கள் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. நான் கத்தவில்லை. எங்கள் பிரிவில் முதலில் கற்றுக்கொண்டவளே நான்தான்.

"உங்களுக்கு என்ன, ஓய்வு பெற்றாயிற்று, ஓய்வூதியம் வருகிறது" என்று ஒரு தம்பி நேற்று எழுதியிருந்தார். அதுதான் தைத்தது. எனக்கு என்ன? என் தங்கை மகள் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில், அமெரிக்க மருத்துவமனைகளுக்கு பட்ஜெட் ஆய்வு செய்கிறாள். சேர்ந்தபோது ஒன்பது பேர். இப்போது நான்கு பேர். ஆக, வேலை போகவே போகாது என்று நான் சாதித்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. போகிறது. போனது எது தெரியுமா? வாசித்து டிக் போடும் வேலை. எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்த அந்த வேலைதான். இயந்திரம் எழுதும் விளக்கத்தைச் சரிபார்ப்பது மட்டும் இப்போது அவள் பொறுப்பு. ஒரு செலவு திடீரென்று குறைந்ததற்கு "பருவகால மாற்றம்" என்று அது எழுதியிருந்ததாம். அவளும் சரி என்று அனுப்பிவிட்டாள். "யாரிடமாவது கேட்டாயா?" என்றேன். "அங்கே யாரையும் எனக்குத் தெரியாதே பெரியம்மா" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த நான்கு பேரையும் நாளைக்கு எடுத்துவிட்டு, பிறகு இயந்திரம் ஏமாற்றிவிட்டது என்று சொல்லப் போகிறார்களே, அவர்கள் மேல்தான்.

மொத்தம் முப்பத்தோரு ஆண்டு அரசுப் பணியில் எங்கள் பிரிவை யாராவது மேடையில் குறிப்பிட்டுக் கேட்டதே இல்லை. முதல் தடவையாகக் குறிப்பிட்டார்கள், கேலி செய்வதற்கு. போகட்டும்.

நேற்று மாலை என் பழைய டைரியைத் தேடி எடுத்து, அந்த மாவட்ட எழுத்தரின் எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தார். குரல் தளர்ந்துவிட்டது. அவரும் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறதாம். லாரித் தண்ணீர் இப்போதும் வருகிறதா என்று கேட்டேன். "தெரியவில்லை அம்மா. என் இடத்துக்கு இன்னும் யாரையும் போடவில்லை" என்றார்.